ஆபரேஷன் முடிஞ்சு எழுதுறது

பெங்களூரு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

முனீஸ்வரி எழுதுறேன். உன் முட்டுவலி எப்படி இருக்கு? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுறாகளா?

போன்ல சொன்னா அழுதுருவேன்னுதான் எழுதுறேன். போன வாரம் எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. இனியும் தள்ளிப்போட்டா ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாக. இரைப்பையைச் சின்னதாக்கியிருக்காக. பயப்படாத, நல்லா இருக்கேன். நாளைக்கு வீட்டுக்கு விடுறாக.

தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறப்ப, "கூட வந்தது யாரு?"ன்னு நர்ஸ் கேட்டாக. யாரும் வரலைன்னேன். பக்கத்துக் கட்டில்காரியோட அம்மா எந்திரிச்சு, "நான் வர்றேம்மா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கதவு வரைக்கும் வந்தாக. உன்கிட்டச் சொல்லாம வந்தது தப்புன்னு அப்பத்தான் தோணுச்சு.

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனா எனக்கும் ஒரு விளக்குப் போடு. என் சுடிதாரை யாருக்கும் குடுத்துராத, பிடிச்சுத் தைச்சுக்கலாம்.

பொங்கலுக்கு வர்றேன். ரெண்டு வாய்க்கு மேல எனக்கு இறங்காது. போன தடவை நீ என் ஒடம்பைச் சொன்னதுக்குத் தட்டை வச்சுட்டு எந்திரிச்சேனே, அந்தக் கோவம்னு நெனச்சுராத. இந்தத் தடவை எந்திரிக்க மாட்டேன். நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.

நர்ஸ் வர்றாக, நிறுத்துறேன்.

உன் மக
முனீஸ்வரி