தட்டினால் விடுவார்கள்

ஜனவரி 7, செவ்வாய்
ஜூடோவில் சேர்ந்தேன். கராத்தேயில் கறுப்புப் பட்டி, இங்கே வெள்ளை. பரவாயில்லை. மாஸ்டர் றெனால்ட் எது சொன்னாலும் பழைய கராத்தேப் பழக்கத்தில் "ஓஸ்" என்று கத்தினேன்; அங்கே ஆம் என்பதற்கு அதுதான். பின்னாலிருந்து ஒருத்தன்: "மாஸ்டர், இவருக்கு ஓம் எண்டு வருதில்லை." எல்லாருக்கும் சிரிப்பு. காற்றாலை வேலைக்காக மன்னாருக்கு மாறி வந்த பிறகு, வேலைத்தளத்துக்கு வெளியே நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 11, சனி
எனக்குச் சோடி சாஹுல் ஹமீட் நானா. மீன் வாடிகளுக்கு ஐஸ் லொறி ஓட்டுகிறவர். ஜூடோவில் பழைய ஆள். என் கொலரைப் பிடித்தார். என் கை தன்பாட்டில் தட்டிவிட்டது. கராத்தேயில் அடி உடம்பில் படமுன்னம் நிப்பாட்ட வேண்டும், அப்படித்தான் பழகினேன். இங்கே தொடாமல் ஒன்றுமே தொடங்காது.
"என்ன தம்பி, கரண்ட் கம்பத்தப் புடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் இளகுங்க."
எப்படி இளகுவது? அதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 14
பொங்கல். எனக்கு டியூட்டி. இரவுக்குப் பாணும் சம்பலும்.

ஜனவரி 18, சனி
முழங்கையை நேராக்கிப் பூட்டும் பிடி. தாங்கேலாட்டி மற்றக் கையாலை பாயில் தட்டவேணும், தட்டினால் விடுவார்கள். நான் தட்டேல்லை. நோவைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை. இன்னும் கொஞ்சம் தாங்கும் எண்டு கணக்குப் போட்டன் — டக் எண்டு ஒரு சத்தம்.
நானா விட்டிட்டு எழும்பினார். முகம் வெளிறிப்போச்சு.
"தட்டாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்கட கைய ஒடச்சிப்போட்டு நான் ஊட்ட போய்ச் சோறு திங்கிறதா? இனி ஒங்களோட புடிக்கமாட்டன்."
அவருக்கு ஏன் கோவம்? நொந்தது எனக்கெல்லோ!

ஜனவரி 19, ஞாயிறு
எலும்பு முறியவில்லை, சவ்வுதானாம். காற்றாலைக் கோபுரம் ஏறக்கூடாது. மன்னார் கீரிப் பக்கம் எடுத்த வாடகை அறைக்குள் படுத்திருக்கிறேன். அம்மா சாவகச்சேரியிலிருந்து போன் எடுத்தா.
"சாப்பிட்டியோ? சுகமோ?"
"ஓம், ஓம்."
வைத்துவிட்டா. முழங்கை வீங்கிக் கிடக்கிறது. அவவுக்கு எப்படித் தெரியும்?

பெப்ரவரி 8, சனி
கை பரவாயில்லை, போனேன். எல்லாரும் சோடி சோடியாக நின்றார்கள். என்னோடு பிடிக்க ஒருத்தரும் வரவில்லை. மூலையில் தனியே விழுந்து பழகினேன். ஆள் தள்ளாமல் விழுவது விசர் வேலை.

பெப்ரவரி 11, செவ்வாய்
சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நேரே நானாவிடம் போனேன். "தட்டுவன் நானா. பிடிப்பீங்களோ?"
அவர் பாயில் இருந்துகொண்டு, பூட்டுப் போட என் கையை எடுத்தார். தட்டினேன்.
"அல்லாஹ்! நான் இன்னும் இறுக்கவே இல்லியே!"
சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் தட்டிய உடனேயே விட்டிருந்தார்.
"இன்னொருக்காப் புடிக்கட்டா?"
"பிடியுங்கோ."
வகுப்பு முடியும் வரைக்கும் வேறு சோடிக்குப் போகவில்லை அவர்.
என் கொலர் முழுக்க அவருடைய வேர்வை. உடுப்பைக் கதிரையில் போட்டிருக்கிறேன். தோய்க்கவேணும். நாளைக்குத் தோய்ப்பம்.