கூடையில் போன பிரேக் டிரம்

என் அன்பு அண்ணிக்கு,

நேரில் இருந்தவரை உங்களை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை தானாக 'நீங்கள்' என்று எழுதுகிறது. சிரிக்காதீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது, அதற்குள் கொழுந்தனுக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். விடியும் முன்னே கட்டுமரம் தள்ளிக்கொண்டு போகிறார். திரும்பி வந்தால் என் பெண்டாட்டி வள்ளி போடும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் புளி குறைச்சல் என்று குற்றம் சொல்கிறார். சொல்கிறாரே என்று எங்களுக்குச் சந்தோஷம்தான். முதல் மூன்று மாதம் அதைக்கூடச் சொல்லவில்லை.

இன்று காலையில் நம் பிக்கப்பைச் செங்கல்பட்டில் ராஜமாணிக்கம் பட்டறையில் விட்டேன். பின்சக்கரத்தில் பிரேக் லைனிங் தேய்ந்து ரிவிட் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. ராஜமாணிக்கம் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவித் தரையில் வைத்தார். "லைனிங் புதுசு போட்டுடலாம். டிரம்ம இன்னா பண்றது ஏழுமல, அதையே மாட்டிக்கலாமா?" என்று கேட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அவர் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். ஊருக்குத் தெரிந்த கதை வேறு. நடந்ததை இன்று எழுதிவிடுகிறேன் அண்ணி, படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

கல்பாக்கத்தில் வேலை எடுத்த ஒரு கான்ட்ராக்டர் கழித்துப்போட்ட வண்டி அது. அண்ணன் வேண்டாம் என்றார், நீங்கள்தான் துணிந்து வாங்கினீர்கள். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் மீன் ஏற்றிச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குவோம். நான் டிரைவர், நீங்கள் முதலாளி. முதலாளி என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை "மெதுவா போடா, மெதுவா போடா" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்.

அந்த வண்டியின் பிரேக்கைக் கெடுத்ததே நான்தான். யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டாம் என்று, ஈரமணல் வரைக்கும் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். அலை வந்து பின்சக்கரத்தை நனைத்துவிட்டுப் போகும். கரையில் நிற்கிற பெண்கள் பார்ப்பார்கள் என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். மேலே ஐஸ் உருகி ஒழுகுகிற மீன் தண்ணீர், கீழே கடல் தண்ணீர். உப்பு டிரம்முக்குள்ளே புகுந்து அரித்தது.

டிரம் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு நீங்கள் விளக்கியது ஞாபகம் வருகிறது. "சக்கரத்துக்குள்ள இரும்புச் சட்டி ஒண்ணு சுத்திகினே கீது. உள்ள இருந்து ரெண்டு கட்டை விரிஞ்சு சட்டிய அமுக்கினா வண்டி நிக்கும். சட்டி மெலிஞ்சு ஒடைஞ்சா எதப் புடிச்சி நிக்கும்?" எந்த மெக்கானிக்கும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நெம்மேலியில் எனக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்த சமயம். நான்கு நாள்தான் இருந்தது. சொந்தபந்தம் எல்லோரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெண் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து இறங்க வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். அப்போது பார்த்து பிரேக் பெடல் இறங்க ஆரம்பித்தது. ராஜமாணிக்கம் டிரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தார். "ரெண்டு தபா லேத்துல குடுத்து கடைஞ்சாச்சு. இன்னொரு தபா கடைஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. புதுசு மெட்ராஸ்ல இருந்து வர ஒரு வாரம் ஆவும்" என்றார்.

நீங்கள் குனிந்து ஸ்பானரை எடுத்து இடது டிரம்மைத் தட்டினீர்கள். கணீரென்றது. வலது டிரம்மைத் தட்டினீர்கள். தொப்பென்று ஒரு சத்தம். "பானை வாங்கறவளுக்கு இது தெரியாதா? இது ஆவாது" என்றீர்கள். "வெடிப்பு இருக்கலாம்க்கா, கண்ணுக்குத் தெரியல" என்று ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார். புது டிரம்முக்குச் சொல்லிவிட்டு நீங்கள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினீர்கள்.

நீங்கள் நகர்ந்ததும், "டிரம்ம இன்னா பண்றது ஏழுமல, அதையே மாட்டிக்கலாமா?" என்று அவர் கேட்டார். நான் சொன்னேன்: "பழசையே மாட்டிடு. அண்ணி கேட்டா, ஒரு எடத்துல புதுசு கெடச்சுதுன்னு சொல்லிக்கலாம்."

மீன் நிறுக்கும் தராசை வண்டியிலேயே மறந்துவிட்டீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பினால் பின்னாலேயே நிற்கிறீர்கள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். நீங்களோ அந்த வலது டிரம்மைத் தூக்கி மீன் கூடையில் போட்டீர்கள், தலையில் சும்மாடு வைத்தீர்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தீர்கள். அன்றைக்கு விற்க வேண்டிய மீனைக்கூடக் கூட்டாளிப் பெண்ணிடம் விட்டுவிட்டீர்கள். பின்னாலேயே ஓடி வந்த எனக்கு, கண்டக்டர் "இன்னாமா இது, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டதும், "எங்க வூட்டு மாப்பிள்ளையோட ஆசை, லக்கேஜ் போட்டுக்கோ" என்று நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. பரிசத்துக்கு இருபத்திரண்டு பேர் பஸ்ஸில் போனோம். மகாபலிபுரத்தில் இறங்கி, தாம்பாளத்தையும் வாழைத்தாரையும் சுமந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெம்மேலியில் மாமனார் முதல் கேள்வியே, "வண்டி கீதுன்னு சொன்னீங்களே, எங்க?" என்றுதான் கேட்டார். நான் தலையைத் தொங்கப்போட்டேன். நீங்கள் வாயைத் திறந்தால் என் கல்யாணமே நின்றுபோகும் என்று நினைத்தேன்.

"வண்டி கீதுண்ணா. பிரேக்கு சரியில்ல. இத்தினி உசுர ஏத்தினு வரமாட்டேன்னு எங்க ஏழுமலதான் ஒரே புடியா நின்னுட்டான்" என்றீர்கள்.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவர்னா இப்படி இருக்கணும்" என்றார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் அதே பேச்சுத்தான்: பரிசத்துக்கே வண்டியை எடுக்காத மாப்பிள்ளை. உங்கள் கருமாதிக்கு வந்த இடத்திலும் நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேருக்கு உரியவர் படமாகச் சுவரில் இருக்கிறார், நான் கைகட்டி நிற்கிறேன்.

அந்த டிரம் வழியில் உடைந்திருக்குமா? தெரியாது. உடையாமலே நெம்மேலி போய்ச் சேர்ந்திருக்கலாம். நீங்களும் ஒருநாளும் "நான் சொன்னேன் பாத்தியா" என்று காட்டிக்கொள்ளவில்லை. புது டிரம் வந்து மாட்டிய அன்று, பழசைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கி, முதல் பழத்தை என்னிடம்தான் நீட்டினீர்கள். அதைத் தின்றுகொண்டே உங்களோடு பேச ஆரம்பித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது, விட்டுவிட்டேன்.

இன்றைய சேதிக்கு வருகிறேன். ராஜமாணிக்கம் டிரம்மை அளந்து பார்த்து, "நல்லா கீது, லேசா ஒரு கடைசல் குடுத்தா போதும், மாட்டிக்கலாம்" என்றார். நிஜம்தானா என்று நான் மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை கேட்டதற்கு ஸ்பானரை என் கையில் கொடுத்து, "நீயே தட்டிப் பாரு, ஆள வுடு" என்றார். இப்போதெல்லாம் நான் அலை நனைக்கிற இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதில்லை. அதனால்தான் டிரம் தப்பித்திருக்கிறது.

வள்ளி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்திருந்தாள். பெண் பிறந்தால் உங்கள் பேர்தான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும், இனிமேல் தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பழசை மாட்டச் சொன்னதை, பொய் சொல்லச் சொன்னதை, நீங்கள் தூக்கிக்கொண்டு போனதை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"அக்காதான். பரிசத்தன்னிக்கு என் தலையில பூ வெக்கறப்ப காதுல சொன்னாங்க."

நீங்கள் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "உங்கப்பாகிட்ட நான் சொன்னது பொய்யி. அந்த வண்டியில ஒக்காரப் போறவ நீ, உனக்கு நெசம் தெரியணும். பழச மாட்டினு வரேன்னு நின்னவன் இவன். நான்தான் தூக்கினு வந்துட்டேன். ஆனா மறுநாளு வூட்ல யாரும் இல்லன்னு நெனச்சி, அத எடுத்துகினு தெருமுனை வரைக்கும் போனான். அங்கயே கொஞ்ச நேரம் நின்னான். திரும்பி வந்து எடுத்த எடத்துலயே வெச்சுட்டான். நான் எதுத்த வூட்ல இருந்து பாத்துகினுதான் இருந்தேன். இப்ப சொல்லு, பூ வெக்கட்டா?"

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"தலைய குனிஞ்சேன்" என்றாள்.

ஆமாம் அண்ணி, எடுத்துக்கொண்டு போனேன். யாருமே பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். தெருமுனையில் நிற்கும்போது, பின்னால் ஏறப்போகிற அத்தனை பேரும் ஒவ்வொரு முகமாக வந்தார்கள். நீங்களும் வந்தீர்கள். அது உங்கள் மேல் இருந்த பயமா, எனக்கே வந்த புத்தியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் எது என்று நினைத்தீர்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வள்ளிக்கு வளைகாப்பு. நெம்மேலியிலிருந்து மாமனார் வருகிறார். அவர் அந்தக் கதையை ஆரம்பிக்கும் முன்னால் நான் எழுந்து, எல்லோர் எதிரிலும், பழசை மாட்டச் சொன்னதும் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான் என்று சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. எடுத்ததைத் திரும்ப வைத்ததை மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், சொல்ல வேண்டியவளிடம் சொல்லியும்விட்டீர்கள்.

என்றும் உங்கள் கொழுந்தன்,
ஏழுமலை