கடைசியாகச் சாப்பிட்ட அக்காவுக்கு

என் லூர்து அக்கா,

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டிருக்கிறோம். உன் மகன் அந்தோணி வலங்கைமானில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். துபாய்ப் பேச்சையே எடுப்பதில்லை.

நேற்று அவனோடு பேசும்போது உன் கால் வியாதி ஞாபகம் வந்தது.

மச்சான் செத்தபிறகு நீ என் வீட்டுக்கு வந்தாய். என் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்திருந்தாள், அடுப்பு உன் கைக்கு வந்தது. அந்தோணி துபாய்க்கு விமானம் ஏறிச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். அப்புறம்தான் செருப்பு. தெருவில் நடந்து போவாய், ஒரு செருப்பு பின்னால் கிடக்கும், கழன்றதே உனக்குத் தெரியாது. அடிபம்பில் கண்ணை மூடி முகம் கழுவினால் சாய்ந்து விழுவாய். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாய். ஒருநாள் மத்தியானம் செத்துப்போன மச்சானுக்குத் தட்டு எடுத்து வைத்தாய்.

ஊரில் ஆளுக்கொரு காரணம். "புள்ள ஏக்கம்" என்றார்கள். "சக்கரையா இருக்கும்" என்றார்கள். எவளோ செய்வினை வைத்துவிட்டாள் என்று சொன்னதைக் கேட்டு நாகூர் தர்காவுக்குக்கூடக் கூட்டிப்போய் ஓதவைத்து வந்தோம். தஞ்சாவூரில் தலையை ஸ்கேன் எடுத்த டாக்டர், "ஒண்ணுமில்ல, வயசு" என்றார். வயசா? உன்னைவிட மூத்தவர்கள் அப்போது வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்கு அந்தோணி போன் போட்டான். ரிசீவரை உன்னிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, யாரு பேசுறது?" என்றாய். நான் வாங்கிக் காதில் வைத்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். "மாமா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடவா?" என்றான். "பொறுடா, ஒருதரம் பெரிய ஆஸ்பத்திரியில பார்த்துடுறேன்" என்றேன்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உன் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். கவட்டை மாதிரி இருந்த இரும்புக் கம்பி ஒன்றைத் தட்டி, அதிர அதிரக் கணுக்காலில் வைத்தார். உனக்கு எதுவுமே தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன சாப்பிடுவீங்கம்மா? சைவமா?"

நீ வாயைத் திறக்குமுன் நான் குறுக்கே பாய்ந்தேன். "சைவமா! அக்கா மீன் கொழம்பு வச்சா தெருவே திரும்பிப் பாக்கும் டாக்டரம்மா. கெளுத்தி, கெண்டை, ஒண்ணுமில்லன்னா கருவாடு."

டாக்டரம்மா வேறு கேள்விக்குப் போய்விட்டார். நீ சுவரைப் பார்த்தாய்.

உன்னை வார்டில் சேர்த்தோம். எதிரே ஆம்பளை வார்டில் வேதாரண்யத்து உப்பளக்காரர் ஒருவர் கிடந்தார். ஒருநாள் காலையில் அவர் சம்சாரம் உன் கட்டில்பக்கம் வந்து என்னிடம், "அண்ணே, உங்க அக்கா புண்ணியத்துல எங்க வீட்டுக்காரரு தேறிட்டாரு. முட்டையும் பாலும் ரெண்டு ஆள் பங்கு. அக்காவ சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிட்டா அழுதுடுவாரு போலிருக்கு" என்று சிரித்தாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். "ஏம்மா, பால் குடிக்கிறதில்லையா?"

"அக்காவுக்குப் பாலுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க பெரியவரே. அவங்க சொல்லட்டும்."

ரொம்ப நேரம் கழித்து நீ சொன்னாய். "நேர்த்திங்க."

பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வரும்வரை மீன், கறி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாய். வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டாய். ஆம்பளைகளுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவாய். உன் தட்டை யார் பார்த்தது? உன் வரக்காப்பியைக்கூட, பால் பத்தவில்லை போல என்றுதான் நினைத்தோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு வைட்டமினாம், மீன், முட்டை, பால் மாதிரி சாப்பாட்டில்தான் வருமாம். அது தீர்ந்துபோய் நரம்பு வாடிவிட்டதாம். ஊசி போட்டால் தேறலாம் என்றார்.

நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "ஊசியில கறிகிறி கலந்திருக்கா?"

இல்லை என்று அவர் சொல்லியும் நீ கையை நீட்டவில்லை. நான் பஸ் பிடித்துப் போய் நம் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தேன். "மாதாவும் ஒரு அம்மாதானே. பெத்தவ காலு விளங்காமப் போறதையா கேப்பாங்க? மருந்து சாப்பாடு இல்ல லூர்து, போட்டுக்க" என்றார் சாமி. அப்புறம்தான் கையை நீட்டினாய்.

புத்தி முதலில் திரும்பியது. மறுபடி போன் வந்தபோது, "டேய் அந்தோணி, வேளைக்குச் சாப்பிடுறியா?" என்றாய். அதற்கும் அவன் அழுதான். கால் மட்டும் முழுசாக வரவில்லை. பஞ்சில் மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று கண்ணை மூடுகிறவரை சொன்னாய். முன்னாலேயே தெரிந்திருந்தால் அதுவும் வந்திருக்குமோ என்னவோ. மீனை அவன் வந்திறங்கிய பிறகுதான் தொட்டாய். "என் நேர்த்திதான் அவனக் காப்பாத்துச்சு" என்பாய். நான் மறுத்துப் பேசியதில்லை. யார் கண்டது?

இப்போது நம் தெரு மாணிக்கத்துக்குக் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது. வயலுக்குப் போனவர் வழி தெரியாமல் நிற்கிறார். சிங்கப்பூரிலிருந்து அவர் பிள்ளைகள் போனில், "அப்பாவுக்கு வயசாயிடுச்சு சித்தப்பா" என்கிறார்கள். உனக்கு வந்ததேதான் என்று சொல்லமாட்டேன், வேறு எதுவாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அவரும் உன்னைப் போல வாய் திறக்காத ஆள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நாழிகை ஆக்குவார்.

ஆகட்டும். டாக்டர் அவரைக் கேட்கும்போது, அவர் சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கமாட்டேன் அக்கா. உன்மேல் சத்தியம்.

உன் வாயாடித் தம்பி,
சவரிமுத்து