முப்பத்தேழாம் எண் கட்டுரை

அருகன் துணை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
புரட்டாசி ஐந்தாம் நாள்

என் பேரன் சுதீருக்கு ஆயா சந்தனம்மாள் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறாயா என்று பதில் போடு.

பக்கத்து வீட்டு சரவணபவன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் ஆரம்பித்தாலே டவர் இல்லை என்கிறாய். காகிதத்துக்கு டவர் வேண்டாம். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, எழுத்துக் கூட்டிப் படி. கூட யாரும் இல்லாதபோது படி.

உன் அம்மா அனுபமாவுக்கு இந்த மாதம் பள்ளிக்கூட வேலை போதாதென்று இன்னொரு வேலையும் சேர்ந்தது. மாவட்டத்துப் பிள்ளைகள் போட்டிக்கு எழுதிய கட்டுரைகளில் ஒரு கட்டை அவளிடம் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் அறுபது. ‘அறவழியில் நான் எடுத்த முடிவும் குடிமகனாக என் பொறுப்பும்’ என்பது தலைப்பு. பெயரும் இல்லை, ஊரும் இல்லை, எண் மட்டும்தான். இருபதுக்கு மார்க் போட வேண்டும். ஜாஸ்தி மார்க் வாங்கியதை அந்தப் பிள்ளையே மேடையேறிப் படிக்கும்.

அவள் திருத்தும் விதம் உனக்குத் தெரியும். அவள் சமையல் செய்வாள், நான் உரக்கப் படிக்க வேண்டும். காதால் கேட்டால்தான் பிள்ளை பார்த்து எழுதியதா, தானே பட்டு எழுதியதா என்று தெரியும் என்பாள். பலதும் ஒரே பாட்டு. கீழே கிடந்த மணிபர்ஸை எடுத்து ஸ்டேஷனில் கொடுத்தேன் என்று பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் இத்தனை மணிபர்ஸா தொலைகிறது என்று கேட்டேன். உன் அம்மா சிரித்தாள். அவள் சிரித்தது அதுதான் கடைசி.

முப்பத்தேழாம் எண் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணுடையது. அவள் அப்பா பால் வண்டி ஓட்டுகிறவர். ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, கீழ்பென்னாத்தூர் சாலையில் அவளும் அப்பாவும் வண்டியை நிறுத்திக் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கார், சைக்கிளில் வந்த பெரியவரை இடித்துத் தள்ளியதாம். காரிலிருந்து இறங்கியவன் பெரியவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பாட்டிலிலிருந்து வாயில் தண்ணீர் ஊற்றினானாம். பெரியவர் ஏதோ சொல்ல, குனிந்து கேட்டானாம். பிறகு பால் வண்டி கிளம்பி வரும் விளக்கைப் பார்த்ததும் தலையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டானாம். நமக்கெதுக்கு போலீஸ் கீலீஸ் என்று அவள் அப்பாவும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிவிட்டாராம்.

நம்பரைக் கவனிக்கவில்லை, பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த படம்தான் கண்ணில் நிற்கிறது என்று எழுதி, ஓரத்தில் பேனாவால் வரைந்தும் இருந்தாள். நிமிர்ந்த கை, உள்ளங்கையில் சக்கரம். அது என்ன படம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கைக்குக் கட்டைவிரல் இல்லை.

சுதீர், திருமலை ஜினாலயத்துக்குப் போனபோது நான்தான் அதை வாங்கி வந்தேன். ‘அகிம்சைக் கை, வண்டிக்குக் காவல்’ என்று நானேதான் உன் காரில் ஒட்டினேன். ஒட்டும்போது கட்டைவிரல் கிழிந்துபோக, நீ என்னைக் கேலி செய்தாய்.

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மீதியைத் தானே படித்தாள். முடிவில் அந்தப் பெண் இப்படி எழுதியிருந்தாள்: ‘நாங்கள் கடந்து போனபோது அவருக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. அதனால் எனக்குப் பரிசு வேண்டாம்.’

உன் அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, ‘தலைப்பை விட்டு விலகிவிட்டது’ என்று எழுதி நாலு மார்க் போட்டாள். எட்டாவதில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாய் என்று பெற்ற பிள்ளைக்கே முட்டை போட்ட கை அது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அவன் வாயால சொல்லட்டும் அத்தை. அது வரைக்கும் அவன் நாய் மேலதான் ஏத்தினான்” என்றாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றாம் தேதி கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆமாம், நாய் என்றுதான் சொன்னாய். ஆனி பதினொன்று, புதன்கிழமை. விளக்கு உடைந்த காரோடு வந்து, “நாய் குறுக்க வந்துடுச்சு ஆயா” என்றாய். முழங்காலுக்கு மேலே பேண்ட் நனைந்திருந்தது. போன உயிருக்காக அன்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். மறுநாள் பேப்பரில் அடையாளம் தெரியாத வண்டி என்று நாலு வரி வந்தது. ஒரே வாரத்தில் காரை விற்றாய். ஆடியில் விமானம் ஏறினாய். எனக்கு அப்போதே தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியது. நீ நாய் என்றாய், நானும் நாயாகவே வைத்துக்கொண்டேன்.

உன் தாத்தாவைக் கடலைக்காய் லாரி அடித்துப் போட்டதும் அதே சாலைதான். டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்கு நாலு பேரும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள் பெயரும் அன்று போட்டிருந்த சட்டையும் முப்பத்தாறு வருடமாக எனக்கு மறக்கவில்லை. அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போனதில்லை. ஒருவன் பாடை நம் தெரு வழியே போனபோது கதவைச் சாத்தினேன். இப்போது கண்ணை மூடினால் அந்த டீக்கடை பெஞ்சில் நாலு பேர் இல்லை, ஐந்து பேர். ஐந்தாவதாக உட்கார்ந்திருப்பவள் என் புடவையைக் கட்டியிருக்கிறாள்.

தசலட்சணப் பத்து நாள் முடிந்து, எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கும் நாளில் நீ நம் குடும்ப குரூப்பில் கைகூப்பிய படம் போட்டாய். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. முப்பத்திரண்டு பேர் பூ அனுப்பினார்கள். அது யாருக்குப் போக வேண்டுமோ அவள் நம்பர் உன்னிடம் இல்லை.

செத்துப்போனவர் நம் தெருவுக்குக் கீரை கொண்டு வருவாரே, காசியம்மாள் புருஷன், அவர்தான். உனக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது அவர் சைக்கிள் மணியை அடித்துவிட்டு ஓடுவாய். இப்போது காசியம்மாளே கீரைக்கட்டைத் தலையில் சுமந்து வருகிறாள். கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமல் கீரை வாங்குகிறேன். பள்ளிக்கூடம் போகிற பெண்களைப் பார்த்தால், இவளா, அவளா என்று ஒவ்வொரு முகமாகத் தேடுகிறேன். கட்டுரையில் எண்தான் இருக்கிறது, முகம் இல்லை.

நேற்று காசியம்மாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, தானாகவே பேச ஆரம்பித்தாள். இடித்தவன் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுகிறாளாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு சொன்னாள்: “அவரு சட்டக் காலர் ஈரமா இருந்திச்சும்மா. பக்கத்துல தண்ணி பாட்டில் கெடந்திச்சு. எந்த மகராசன் ஊத்தினானோ, அவன் புள்ள குட்டியோட நல்லா இருக்கணும். அவன் மட்டும் கெடைச்சான்னா, கடைசியா அவரு இன்னா சொன்னாருன்னு கேட்டுக்குவேன்.”

அவளைப் பொறுத்தவரை அது இரண்டு ஆள்.

கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். உன் அம்மா அதைக் கையால் தொடவில்லை.

போலீஸுக்கு நான் எழுதவில்லை. உன் அம்மாவும் எழுத மாட்டாள். அந்தப் பால்காரர் மகள் ஒருநாள் எழுதுவாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை தலையில் நீ அதை ஏற்றாதே. ஒன்றாம் தேதிக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் போன் செய்து, நாய் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். அந்த நாலு மார்க்கை அவளே அடித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் போடுவாள். பிறகு டிக்கெட் எடு. ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ எங்கே போனாலும் நான் கூட வருவேன். முட்டி வலிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் காசியம்மாளிடம் போ. அவர் சொன்னது என்ன என்று என்னிடம் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். அது அவளுடையது. உலகத்தில் உன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். ஒரு எழுத்துக்கூட மறக்காமல் கொண்டுவந்து அவளிடம் கொடு, என் கண்ணே. அது வரைக்கும் உன் மனசில் அது பத்திரமாக இருக்கட்டும், உன் உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
ஆயா சந்தனம்மாள்