மூக்கு சொன்ன பொய்

அன்புள்ள அம்மாவுக்கு, ஓவியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? முடிச்சூர் ரோட்டில் இன்னும் வெயிலில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம்தான் போதவில்லை.

பால்டிக் கடலில், ஆய்வுக் கப்பலில் இது பத்தொன்பதாம் நாள். இங்கே அடித்தண்ணீரில் பிராணவாயு இல்லை. அதனால் அதிலுள்ள நைட்ரஜன் சத்து வாயுவாகிப் போய்விடுகிறது. எவ்வளவு போகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அந்தத் தண்ணீரை மேலே எடுத்தாலே அழுகிய முட்டை நாற்றம். வெளிக்கடலின் புதுத்தண்ணீர் அடியில் புகுந்தால்தான் அது போகும். அதற்காகப் பல வருடமாக எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

நேற்று அடித்தண்ணீர் பிடித்த பாட்டிலைத் திறந்து, நீ மீன் செவுளை மோந்து பார்ப்பதுபோல மோந்தேன். நாற்றமே இல்லை. "மோந்து பாரு, மூக்கு பொய் சொல்லாதுடி" என்பாயே, அதை நம்பி, புதுத்தண்ணீர் வந்துவிட்டதென்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

சாதாரண ஜலதோஷம்தான், பயப்படாதே. அண்ணன் பார்சல் போட்டால் கொஞ்சம் சுக்கு வைக்கச் சொல்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். நீ கொடுத்தனுப்பிய கருவாட்டை நேற்றுப் பிரித்தேன். அதுவும் மணக்கவில்லை. உடனே இறுக்கிக் கட்டிவிட்டேன். என் மூக்கு சரியாவதற்குள் நம் வீட்டு வாசனை போய்விடக் கூடாது.

ஓவியா