செல்லையா சித்தப்பாவின் நாடு

அன்பு மகள் ஷர்மினிக்கு,

அப்பா எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே சுங்கை பெசாரில் நானும் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அன்னம்மா அத்தை போன வெள்ளிக்கிழமை தவறிவிட்டார் என்று போனில் சொன்னேன், அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டேன், மீதியை எழுதுகிறேன்.

உன் சின்னத் தாத்தாவை, என் செல்லையா சித்தப்பாவை, ஓய்வு பெற்ற தூதர் என்றுதான் உனக்குத் தெரியும். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய வயதில் அவர் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்கு லயம் போய், ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறாதீர்கள், போக வேண்டியவன் வெள்ளைக்காரன்தான், இது நம் நாடு என்று பேசியவர். அதற்காக ஜெயிலில் போட்டார்கள். எஸ்டேட் துரை அதோடு விடவில்லை, வீட்டுச் சாமான்களை மழையில் வீசிக் குடும்பத்தையே எஸ்டேட்டை விட்டு விரட்டினான். அவர் தங்கை அன்னம்மாவின் பிறப்புப் பத்திரம் அந்த மழையில்தான் போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு சித்தப்பா படித்து, வெளியுறவு வேலையில் சேர்ந்து, கொடி கட்டிய காரில் போகும் தூதரானார். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்து நின்றவர்களுக்கு, இவர் எங்கள் நாட்டவர் என்று எழுதிக் கொடுத்து எத்தனையோ பேரை ஊர் சேர்த்தவர். தங்கைக்கு மட்டும் வெளியாருக்குக் கொடுக்கும் சிவப்பு ஐ.சி. அட்டைதான், இங்கேயே பிறந்தும் காட்டப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லை. பதவியில் இருக்கும்போது யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினோம், முறைப்படி வரட்டும், என் தங்கை என்பதற்காக வரக்கூடாது என்றுவிட்டார். ஓய்வு பெற்று வந்தபின் அவரே மனுப் போட்டுப் பார்த்தார், காரணம் சொல்லாமலே தள்ளினார்கள். தேர்தல்தோறும் இவர் ஓட்டுப் போட உள்ளே போவார், அத்தை காரில் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் கடைசியாக ஒருமுறை குடியுரிமை மனுவோடு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான், சிரித்துக்கொண்டே, பாட்டி எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று மலாய் மொழியில் கேட்டாள். எத்தனையோ தேசத்துச் சபைகளில் பேசிய சித்தப்பா, மனுக் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அத்தைதான் அவர் முதுகைத் தடவி, "விடுண்ணே, அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும், வா வீட்டுக்குப் போவோம்லா" என்றார். அன்றோடு அத்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், படுத்தவர் எழவில்லை.

தகனம் முடிந்து வந்த அன்று, பெர்த்தில் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டுமே, என்ன செய்யலாம் என்று நீ கேட்டிருந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். முன்பெல்லாம் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருவார். அன்று சுவரையே பார்த்துக்கொண்டு, "வாங்கிக்கச் சொல்லு நடராஜா. என் பேச்ச நம்பி ஒருத்தி காத்துக் கெடந்தது போதும்" என்றார்.

உனக்கு நம்பிக்கையாகச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை, தாயி. வாங்கிக்கொள். இருவரும் நீண்ட ஆயுளோடு, போன இடத்தில் மரியாதையோடு வாழ அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கையெழுத்துப் போட்டதும் எனக்குச் சொல், சித்தப்பாவிடம் சொல்லாதே. வாங்கச் சொன்னவர் அவர்தான், ஆனாலும் அவர் காதில் விழ வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா நடராஜா