பதினெட்டு நாற்பத்தொன்றுக்கு ஒரு பூசை

குருநகர்,
06.10.2024

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம். இந்த மாதம் கடலும் குறை வைக்கவில்லை, நண்டு நன்றாகப் படுகிறது. நீ போன் எடுக்காததால், லீவு முடிந்து நீ இருக்கும் நெதர்லாந்துக்குத் திரும்பும் எங்கள் ஊர் லெனாட்டின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். மிளகாய்த்தூளும் இருக்கிறது.

முதலில் அம்மாவின் கூத்தைக் கேள். நீ ஆராயும் நட்சத்திரத்தின் ரேடியோத் துடிப்பு நின்றுவிட்டது, மூன்று வருட ஆராய்ச்சியும் வீண் என்று அழுதாயல்லவா? மறுநாளே கோயிலில், பூசையில் அதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பெயரா இருக்கிறது, நம்பர்தானே. பூசை வைத்த சுவாமியும், சத்தமில்லாமல் போன பதினெட்டு நாற்பத்தொன்று திரும்பி வரவேண்டும் என்று வாசித்துவிட்டார். சனம் அதைப் படகு நம்பர் என்று நினைத்துவிட்டது! பூசை முடிவதற்குள் படகுக்கார ஜெறோம் தேடப் போகவென்று இரண்டு படகுக்கு மண்ணெண்ணெய் நிரப்பிவிட்டான். "ஆரின்ரை போட் அண்ணை, எத்தினை பேர் போனவை?" என்று என்னைப் பிடித்து உலுக்கினான்.

இறங்குதுறையில் நின்று நான்தான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். அது சுழலும் நட்சத்திரம், அதன் காந்த முனை சுழலும் அச்சிலிருந்து சரிந்திருக்கிறது, முனையிலிருந்து கிளம்பும் அலை எங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்கும் என்று நீ சொன்னபடியே சொன்னேன். ஜெறோம் விடவில்லை. "விளக்கு நூந்தால் வெளிச்சவீடும் விழுந்துபோச்செண்டே அர்த்தம்?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சில நட்சத்திரங்கள் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொள்ளும், ஆனால் சுழல்வதை மட்டும் நிறுத்தாது என்று நீதானே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய்? உன்னுடையது என்றதும் மறந்துவிட்டாயா? உன் படிப்பு எனக்குத் தெரியாது. ஆனால் வலை வெறுமையாக வந்த நாளிலும் அந்த இடத்தைப் பற்றி ஏதோவொன்று தெரிந்துகொண்டுதான் கரைக்கு வந்திருக்கிறேன். அது நின்றதையே உன் ஆராய்ச்சியில் எழுதக்கூடாதா?

அழுத நாளிலிருந்து நீயும் சத்தமில்லை. இன்றைக்குப் பத்தொன்பது நாள். அம்மா போனை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு வேலை கூடிப்போச்சு என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, நானும் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

கதைக்க மனமில்லையென்றால் கதைக்க வேண்டாம், மகள். ஒரு மிஸ்ட் கோல் போதும். அடுத்த ஞாயிறு உன் பெயரைப் பூசைக்குக் கொடுக்கப் போவதாக அம்மா சொல்கிறாள். நான்தான் மறித்து வைத்திருக்கிறேன். உன் பெயரை வாசித்தால் ஜெறோம் உண்மையாகவே படகை எடுத்துவிடுவான், நானும் ஏறிவிடுவேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
தேவராசா